பேனரில் சிரிக்கும் என் முகத்தை உடனே இறக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று வழக்கம்போல் வேண்டிக்கொள்கிறேன். என் சுகத்தை நீ விசாரிக்க வேண்டாம். உன் சுரங்கத்துக்குப் போகிற லாரிக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும். இருபதடி உயரத்தில், பல்லெல்லாம் தெரிய, நான் சுகமாகத்தான் இருக்கிறேன்.

உன் கம்பெனியில் 'பொறுப்பான தொழில் நெறிகள்' என்று ஒரு பிரிவு தொடங்கி உன்னை அதற்கு அதிகாரியாக்கியபோது தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டவள் நான். இனி லாரிப் புழுதிக்கு ஒரு விடிவு வரும் என்று நம்பினேன். தையல்காரிக்குப் புழுதி என்றால் என்னவென்று உனக்குத் தெரியாதா? வெள்ளைத் துணியை மிஷினில் வைத்து, ஊசியில் நூல் கோத்து நிமிர்வதற்குள் அது செங்கல் நிறத்துக்கு வந்துவிடுகிறது. இதைச் சொல்லத்தான் உன் ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். நீயும் போன மாதம் தலையில் ஹெல்மெட், கையில் அறிக்கை, பின்னால் ஒரு போட்டோக்காரர் சகிதமாக வந்தாய். என் பின்வாசலில் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் லாரி மேல் லாரியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, "இனிமே தூசியே வராதுக்கா, எங்க நெறியில நாலாவதே அதுதான்"னு சொன்னே. சொல்லி முடிக்கிறதுக்குள்ள உன் வாய்க்குள்ளயே புழுதி போய் நீ இருமின பாரு, அதைப் பார்த்துச் சிரிக்காம அழவா முடியும்? சிரிச்சேன். வயிறு வலிக்கச் சிரிச்சேன். அந்த நேரம் பார்த்து அந்தப் புண்ணியவான் படம் பிடிச்சுட்டார்.

அந்தச் சிரிப்பைத்தான் நீ இரும்புச் சட்டம் போட்டு, என் பின்வாசலுக்கும் லாரி ரோட்டுக்கும் நடுவில் நிறுத்தியிருக்கிறாய். ரோட்டைப் பார்த்து என் முகம், என் வீட்டைப் பார்த்துக் கம்பி. கீழே 'அண்டை வீட்டாரின் புன்னகையே எங்கள் பொறுப்பு' என்று எழுத்து வேறு. புன்னகையாடா அது? உன்னைப் பார்த்துச் சிரிச்ச சிரிப்புடா!

இப்போது தெருவில் என் பேர் நாறிக் கிடக்கிறது. புழுதியை எதிர்த்து வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினவளே நான்தான். இப்ப நானே விலை போயிட்டேனாம். "தம்பி அதிகாரி, அக்கா பேனர், அவங்களுக்கென்ன குறைச்சல்"னு மெக்கானிக் பொண்டாட்டி என் காதுல விழற மாதிரியே சொல்றா. பக்கத்து வீட்டு நர்ஸ், இத்தனை வருஷமா என்கிட்டயே யூனிபார்ம் தைச்சவ, பாதி தைச்ச துணியை வெடுக்குனு வாங்கிட்டுப் போயிட்டா. அவளைப் பார்த்து மத்தவங்களும் வரதில்லை. மிஷின் சும்மா கிடக்குது, எனக்கு அழுகையா வருது. உன் மேலதிகாரிக்கு போன் பண்ணினா, "வாழ்த்துகள்மா, படத்துல ரொம்ப இயல்பா இருக்கீங்க"ங்கறார். இயல்பாம்! பத்திக்கிட்டு வருது எனக்கு. கூடப் பிறந்தவளைக் கம்பியில கட்டித் தொங்கவிடறது எத்தனாவது நெறின்னு உன் அறிக்கையில தேடிச் சொல்லு. இந்த வாரத்துக்குள்ள அந்தப் பேனர் இறங்கணும். இல்லேன்னா கத்திரிக்கோலோட நானே ஏறுவேன். என் மூஞ்சியை நானே வெட்டினா எவன் என்ன கேட்பான்?

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு அத்தையின் முத்தங்கள். உனக்கும் ஆசீர்வாதம் உண்டு, பேனர் இறங்கிய பிறகு.

இப்படிக்கு,
கொதிப்பு அடங்காத
உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டுகிற நேரத்தில் நர்ஸ் வந்தாள். சண்டைக்குத்தான் என்று நினைத்து, நானும் தயாராகத்தான் கதவைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் பின்வாசல் கொடியைப் பார்த்தாள். "ஏங்க்கா, உங்க வீட்டுத் துணி மட்டும் எப்படி வெள்ளையாவே இருக்கு?" என்றாள். கோபத்துல நானும் இதைக் கவனிக்கலைடா. பேனர் வந்ததுலேர்ந்து புழுதி முழுக்க என் மூஞ்சியிலதான் அப்புது, வீட்டுக்குள்ள வரலை. உங்க நெறியில வேலை செய்யறது இது ஒண்ணுதான். அதனால இறக்காதே. அகலம் பத்தலை, நர்ஸ் வீட்டையும் சேர்த்து இழுத்துவிடு. விஷயம் தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு. மெக்கானிக் பொண்டாட்டி தலை சீவிப் பவுடர் போட்டுக்கிட்டு அவ வாசல்ல நிக்கிறா. போட்டோக்காரரை அனுப்பு. சிரிக்க வைக்க நீயும் கூட வந்து அந்த நாலாவது நெறியைச் சொல்லு, போதும்.