‘சொன்னாக’ அண்ணாச்சியின் சாட்சியம்

சிவகாசியில் எதையுமே தன் பொறுப்பில் சொல்லாமல் ஒரு மனிதர் காலம் தள்ளினார் என்றால், அது லோடு ஆட்டோ ஓட்டிய ‘சொன்னாக’ அண்ணாச்சிதான். தொப்பலாக நனைந்தபடி, “மழை பெய்யுதுன்னு சொன்னாக” என்பார். “சாப்பிட்டீகளா?” என்றால், ஏப்பம் விட்டுக்கொண்டே, “சாப்பிட்டாச்சுன்னு வீட்டுல சொன்னாக.” பெற்ற மகனைக் கையில் ஏந்திக்கொண்டே, “ஆம்பளப் பிள்ளைன்னு சொன்னாக” என்றவர். ஏன் இப்படி என்று கேட்டால், “நாளைக்கு ஒண்ணுன்னா நம்ம தலையில விடியக் கூடாதுல்ல?”

நான் அப்போது ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு தீபாவளி சீசன். நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி வெடித்தது. பாக்கெட் போட்டுக்கொண்டிருந்த பாண்டியம்மாவும், வருகைப் பதிவேடு எழுதும் கணக்கப்பிள்ளையும் செத்துப்போனார்கள். ஆபீஸ் அறையிலிருந்த பதிவேடு மட்டும் பத்திரமாகப் பிழைத்தது. அதில் பாண்டியம்மா பெயர் இல்லை. “எங்க ஆளே இல்லை, யாரையோ பார்க்க வந்தவள்” என்று கம்பெனி கையை விரித்தது. அவள் புருஷன் எங்கள் வக்கீல் மூலம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்.

“அவ அன்னைக்கு வேலை பாத்தான்னு கூட இருந்த பொம்பளைக சொன்னாகய்யா” என்றார் அவர் கூண்டில். அந்தப் பெண்கள் யாரும் கோர்ட்டுக்கு வரவில்லை; வந்தால் மறுநாள் வேலை இருக்காது. பிறர் சொல்லக் கேட்டது செல்லாது என்றார் நீதிபதி. ஆனால் எழுதியவர் செத்தாலும், தொழில் வழக்கப்படி அன்றாடம் எழுதிய பதிவேடு செல்லுமாம். சட்டம் அப்படி. காகிதத்தைக் குறுக்கு விசாரணை செய்யவும் முடியாது.

மிச்சம் அண்ணாச்சிதான். அன்று காலை லோடு இறக்கப் போனவர், பாண்டியம்மா வேலை பார்த்ததைக் கண்ணால் கண்டவர்.

“‘பாத்தேன்’னு மட்டும் சொல்லுங்க, அண்ணாச்சி.” ஒரு வாரம் பாடம் எடுத்தேன். ஆட்டோ ஓட்டும்போதும் “பாத்தேன், பாத்தேன்” என்று முனகிக்கொண்டே போனார்.

கூண்டில் ஏறினார். அவருக்கு லோடு கொடுக்கும் அந்தக் கம்பெனி முதலாளி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

“அவள் வேலை செய்ததை நீரே பார்த்தீரா?” என்றார் கம்பெனி வக்கீல்.

“பாத்தேன்…” கண் பின்வரிசைக்குப் போனது. “…னு சொன்னாக.”

கோர்ட்டே சிரித்தது. பாண்டியம்மா புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சியை அப்படிச் சொல்லவைத்தது பழக்கமோ, பயமோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

“இல்லங்கய்யா! நாந்தான் பாத்தேன்! இந்தக் கண்ணால பாத்தேன்!” என்று அழுதார். ‘முன்னுக்குப் பின் முரண்’ என்று தீர்ப்பில் எழுதினார்கள். வழக்கு தோற்றது.

அதன்பின் அண்ணாச்சி கம்பெனி வாசல்களில் பெண்களை மறித்தார். “ஏத்தா, பேரை எழுதிட்டாகளா? எழுதுனதை நீ பாத்தியா? பாக்காம உள்ள போகாத.” எந்தக் கம்பெனியும் அவருக்கு லோடு தரவில்லை. விறகு ஏற்றினார், வைக்கோல் ஏற்றினார். வாசலில் நிற்பதை மட்டும் விடவில்லை.

நான் வீடு மாறும்போதெல்லாம் சட்டிபானை ஏற்ற அவரைத்தான் கூப்பிடுவேன். பாதியை உடைப்பார். அடுத்த முறையும் அவரையே கூப்பிடுவேன்.