ஐந்து ஜிப்பாக்காரன்

சஷ்டிக்கு ஒன்று, சப்தமிக்கு ஒன்று என்று துர்கா பூஜை ஐந்து நாளுக்கும் ஐந்து ஜிப்பா தயார் பண்ணிவிட்டாள் ஷோபனா. ஐந்தும் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற அவனுக்கு. கட்டின புருஷன் ரமணனுக்குப் போன வருஷத்து ஜிப்பாவே போதுமாம். அதில் இரண்டு பொத்தான் இல்லை.

மாடி வீட்டு சத்யப்ரியா ஜாதவ்பூரில் படிக்கிறவள். வீடு கட்டி, ஆட்களைக் குடிவைத்து, அவர்களைக் குளிக்கவும் சாப்பிடவும் வைக்கிற அந்த விளையாட்டை அவள்தான் போட்டுக் கொடுத்தாள். ஷோபனாவுக்கு விளையாட்டைவிட உடுப்பு வரைவதில்தான் மோகம். தையல் பிரித்த சட்டை மாதிரி முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாம் திரையில் தனித்தனியாகக் கிடக்கும். அதன்மேல் மடிப்பு, நிழல், சரிகை என்று புள்ளி புள்ளியாக வைப்பாள். முடித்ததும் அவன் அதைப் போட்டுக்கொண்டு நடப்பான். ஒல்லி உடம்பு, நெற்றி நிறையச் சுருட்டை முடி.

"திருட்டு முழி" என்றார் ரமணன்.

ஷோபனா அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தனக்குப் பிடித்திருக்கிறது என்றாள்.

அலிப்பூர் ஆபீசில் ஃபைலைத் திறந்தாலும் ரமணனுக்கு அந்தச் சுருட்டை முடிதான் தெரிந்தது. சாயங்காலம் நேரே கரியாஹாட் போய், கழுத்தில் பூவேலை செய்த பட்டு ஜிப்பா ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஷோபனா அசந்துபோனாள். திரும்பச் சொன்னாள், கையைத் தூக்கச் சொன்னாள், அரை மணி நேரம் நிற்கவைத்துப் பார்த்தாள். மறுநாள் அதே ஜிப்பா அவன்மேல். தொப்பை இல்லாததால் அவனுக்கு எடுப்பாக வேறு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் காளிகாட் கோயிலுக்குப் போன சமயம் பார்த்து, ரமணனே உட்கார்ந்து அவனுக்கு ஒரு கிழிந்த பனியனும் கட்டம் போட்ட லுங்கியும் வரைந்து மாட்டிவிட்டார். வந்து பார்த்த ஷோபனா, இவருக்கும் இதில் ஆசை வந்துவிட்டதே என்று பூரித்துப்போய், அதை இன்டர்நெட்டில் ஏற்றினாள். எந்தெந்த ஊர்க்காரர்களோ இறக்கிக்கொண்டு, இன்னும் லுங்கி வேண்டும் என்று மெயில் அனுப்பினார்கள். அந்த வாரம் முழுக்க ரமணன் அவனுக்கு லுங்கி வரைந்துகொண்டிருந்தார்.

ஏழாவது லுங்கியில் பொறுமை போய்விட்டது. ஆளையே அழித்தார். நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. நிச்சயமாகத்தான் என்று அமுக்கினார்.

ஷோபனா சண்டை போடவில்லை. ஆளில்லாத அந்த வீட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் பேச்சில்லை, காபி இல்லை. மூன்றாம் நாள் ரமணன் மாடியேறிப் போய், வழுக்கையைத் தடவிக்கொண்டே சத்யப்ரியாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். எவனாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும், அவனைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்றார்.

சத்யப்ரியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"ஒண்ணும் கஷ்டமில்ல அங்கிள். உங்க கல்யாண போட்டோவை எடுத்துட்டு வாங்க, போன தடவை மாதிரியே அதுலேருந்து உங்க முகத்தை எடுத்துக்கலாம்."