ரிஜெக்ட் அண்ணன் பாஸ் செய்த மதர்போர்டு

உலகத்தில் குறையே இல்லாத பொருள் ஒன்று இருந்து, அதை ரிஜெக்ட் அண்ணன் கையில் கொடுத்தால், அரை நிமிடத்தில் குறையோடு திரும்பி வரும். இதை நான் மட்டும் சொல்லவில்லை, எங்கள் மண்ணரைப் பகுதி முழுக்கச் சொல்லும். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கூரியர் பையனே "ரிஜெக்ட் அண்ணன் ஊடு எதுங்க?" என்றுதான் விசாரிப்பான்.

ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் அவருக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் டி-சர்ட்டைப் புரட்டிப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். கம்பெனி கேட்டைத் தாண்டினாலும் அந்தக் கை சும்மா இருக்காது. சாப்பாட்டுக் கடையில் இட்லியைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார். ஒரு கல்யாணத்தில், கெட்டிமேளம் கொட்டப்போகிற நேரத்தில் மேடையேறி, மாப்பிள்ளையின் காலரைப் பிடித்துத் திருப்பினார். மாப்பிள்ளை அரண்டுபோய் எழுந்துவிட்டார். "உக்காருங்க மாப்பிள்ளை, ஒண்ணுமில்ல, நூல் பிசிறு" என்று சட்டைப்பையிலிருந்து குட்டிக் கத்தரியை எடுத்து வெட்டினார். இறங்கும்போது பெண்ணின் அப்பாவிடம், "பையன் பரவால்லீங்க. துணிதான் சுமார்" என்று ஒரு தீர்ப்பும் சொல்லிவிட்டு வந்தார்.

இதெல்லாம் வேலைப் பழக்கம். ஆசை என்று பார்த்தால் அவருக்கு ஒன்றே ஒன்றுதான்: கம்ப்யூட்டர் மதர்போர்டு. சிலர் சேவல் வளர்ப்பார்கள், சிலர் ரேக்ளா பந்தயம் பார்க்க அலைவார்கள். இவர் புதிதாக எந்த போர்டு வெளிவந்தாலும் அதைப் பற்றி உலகத்தில் யார் யார் வீடியோ போட்டிருக்கிறார்களோ அத்தனையும் பார்ப்பார். பார்த்துவிட்டுத் திட்டுவார்.

"எல்லாரும் ஏசி ரூமுக்குள்ள வெச்சு டெஸ்ட் பண்றாங்க அம்மிணி. இங்க கொண்டாந்து வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. பஞ்சுல நாலு நாள் கெடக்கட்டும், அப்பறம் பேசலாம்."

அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அவர் குடியிருந்தது ஒரு நிட்டிங் ஷெட்டுக்கு மேல்மாடியில். கீழே துணி பின்னும் மெஷின்கள் சுற்றச் சுற்ற, மேலே பஞ்சுத் தூசி பனி மாதிரி இறங்கும். அதன் நடுவில் அவருடைய கம்ப்யூட்டர் பெட்டியே இல்லாமல், எலும்பும் நரம்புமாக மேசைமேல் திறந்து கிடக்கும். மூடக்கூடாதா என்று கேட்டேன். "மூடிப்போட்டா மூஞ்சிய எப்படிங்க பாக்கறது?" என்றார்.

எனக்கு அந்த மூஞ்சியைப் பார்க்கும் ஆசை என்றைக்கும் இருந்ததில்லை. டி-சர்ட்டில் அச்சடிக்கிற படங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. வகுப்புக்குப் போய்ப் படித்ததல்ல, பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியது. ஊரில் ஆர்டர் குறைந்து, எனக்குப் படம் கொடுத்த பார்ட்டிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் ஒரே ஒரு பார்ட்டி மிச்சம். அவருக்குக் குழந்தைகள் டி-சர்ட்டுக்கு யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்துகொண்டிருந்தேன். யானைக்குத் தும்பிக்கை போடுவதற்குள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. மெக்கானிக் வந்து திறந்து பார்த்து, "மதர்போர்டு போயிருச்சுங்க்கா" என்று துக்கம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

பார்ட்டிக்குப் போன் செய்தேன். "வெள்ளிக்கெழமைக்குள்ள படம் வல்லீன்னா நான் வேற எடம் பாக்கோணும் அம்மிணி. தப்பா நெனைக்காதீங்க" என்றார். தப்பாக நினைக்க எனக்குத் தெம்பில்லை. அந்த ஒருவரும் போய்விட்டால் கடையைச் சாத்திவிட்டு நானும் எங்காவது செக்கிங் வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்தபோது, ரிஜெக்ட் அண்ணன் ஞாபகம் வந்தது. போய், "நல்ல போர்டா ஒண்ணு பாத்துக் குடுங்கண்ணா" என்றேன். கேட்டது என் வாய்தான், வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

கம்ப்யூட்டர் கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் ஒரு போர்டை எடுத்து வைத்தார். விளிம்பெல்லாம் கலர் கலராக விளக்கு எரியுமாம்.

"இது பனியன்ல ஒட்டற ஜிகினாங்க. ரெண்டு வாஷ்ல உதுந்துரும்" என்று ஒதுக்கினார் அண்ணன்.

அடுத்ததை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். "கனம் பத்தாதுங்க." அதற்கடுத்தது, பிராசசருக்குக் கரண்டைப் பதமாகப் பிரித்துக் கொடுக்கும் பகுதியில் சூடு தணிக்கிற அலுமினியக் கட்டி சின்னதாக இருந்தது. "சித்திரை மாச வெயிலுக்கு இது கைக்குட்டை கட்டிட்டு வந்த மாதிரி இருக்குதுங்க." இன்னொன்றில், பிராசசர் உட்காரும் இடத்திலுள்ள மயிரிழை ஊசிகளை, துணியில் இழை எண்ணுகிற பூதக்கண்ணாடி வைத்து வெகு நேரம் பார்த்தார்.

"எல்லா ஊசியும் இருக்குதுங்களா?" என்றார் கடைக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இருக்குதுங்க. ஆனா வரிசையில ஒரு இது இல்லீங்க."

பார்த்த போர்டுக்கெல்லாம் பழக்க தோஷத்தில் சிவப்பு அம்பு வேறு ஒட்டிவிட்டார். கடைக்காரர் என்னிடம், "அக்கா, நல்லா இருந்த சரக்குக்கெல்லாம் அம்மை போட்டுட்டாருங்க. யாருங்க இனி வாங்குவாங்க?" என்றார். அழுகிற குரல். எனக்கும் அழுகைதான் வந்தது, ஆனால் உட்கார்ந்து அழ அங்கே ஸ்டூல் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அந்த அதிசயம் நடந்தது. விளக்கு இல்லாத, அலங்காரம் இல்லாத, முரட்டு போர்டு ஒன்றை அண்ணன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கிள்ளினார். மோந்து பார்த்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். ஸ்டிக்கர் அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"பாஸுங்க."

கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அண்ணன் மனசு மாறுவதற்குள் போர்டைப் பெட்டியோடு பிடுங்கிக்கொண்டு கிளம்பினேன்.

போகிற வழியில் அவர் வீட்டுக்குக் கீழே இருக்கும் நிட்டிங் ஷெட். "மாட்டறதுக்கு முன்னால ஒரு காத்து அடிச்சரலாங்க அம்மிணி" என்றார். ஒட்டிய பஞ்சு போக எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் காற்று அடிப்போம். மெஷினுக்கு அடிப்போம், தலைமுடிக்கு அடிப்போம், சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது ஒருத்தர் முதுகுக்கு ஒருத்தர் அடித்துக்கொள்வோம். அதனால் எனக்கும் தப்பாகப் படவில்லை. அண்ணன் போர்டைக் கைக்குழந்தை மாதிரி ஏந்தி, காற்றுக் குழாயை நீட்டி அழுத்தினார். மழைக்காலம். கம்ப்ரசர் தொட்டியில் தேங்கியிருந்த தண்ணீரை யாரும் திறந்துவிடவில்லை. காற்றோடு நாலு சொட்டு போர்டின்மேல் விழுந்தது.

அப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. காயவைத்திருக்கலாம். ஆனால் ஈரத்தைப் பார்த்ததும் இந்த ஊர்க்காரர் யாராக இருந்தாலும் என்ன செய்வாரோ அதையே அண்ணனும் செய்தார். கையெட்டும் தூரத்தில் கிடந்த பனியன் வேஸ்ட் துணியை எடுத்து ஒரு துடை துடைத்தார். பனியன் துணியின் பின்னல் கண்ணிகள் பிராசசர் உட்காரும் ஊசிகளில் மாட்டிக்கொண்டன. அவர் இழுக்க, வரிசை வரிசையாக நின்ற ஊசிகள் அத்தனையும் காற்றடித்த சோளக்காடு மாதிரி சாய்ந்து படுத்தன.

அண்ணன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இனி அதில் பிராசசர் உட்காராது. சட்டைப்பையிலிருந்து ஸ்டிக்கர் அட்டையை எடுத்து, ஒரு அம்பைப் பிரித்து, போர்டில் ஒட்டாமல் தன் சட்டையில், நெஞ்சுக்கு நேராக ஒட்டிக்கொண்டார். நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் என் கடை வாசலில் மொபெட் சத்தம். முன்னால் கால் வைக்கும் இடத்தில், போர்வைக்குள் சுருட்டி, தன்னுடைய கம்ப்யூட்டரை முழுசாகக் கொண்டுவந்திருந்தார் அண்ணன். இத்தனை வருஷத்தில் யாரையும் தொடவிடாத கம்ப்யூட்டர். என் ஹார்ட் டிஸ்க்கை அதில் மாட்டி, "வரையுங்க" என்றார். தும்பிக்கை முடிந்தது. ஒட்டகச்சிவிங்கி கழுத்து முடிந்தது. சாயங்காலம் படம் போனது. பார்ட்டி, "நல்லா வந்திருக்குதுங்க, அடுத்த செட்டும் நீங்களே போடுங்க" என்றார்.

திங்கட்கிழமையும் அண்ணன் வந்தார். செவ்வாயும் வந்தார். கம்ப்யூட்டருக்குக் காவல் என்று நினைத்தேன். புதன்கிழமை கேட்டேன்: "வேலைக்குப் போவலீங்களாண்ணா?"

"ஆர்டர் இல்லீன்னு செக்கிங் டேபிளையே தூக்கிட்டாங்க அம்மிணி. ரெண்டு மாசமாச்சு" என்றார், திரையைப் பார்த்தபடியே. "அந்தக் கொரங்குக்கு எடது காது கொஞ்சம் பெருசுங்க."

அன்றிலிருந்து பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் வரைகிற ஒவ்வொரு கோட்டுக்கும் குறை சொல்கிறார். காது வலிக்கிறது. கண் எரிகிறது. ஒரு நாளில் முடிகிற படம் மூன்று நாள் இழுக்கிறது.

நான் சொல்லிவைத்தபடி கம்ப்யூட்டர் கடைக்காரர் போன வாரமே புது போர்டு வரவழைத்துக் கொடுத்துவிட்டார். அலமாரி மேலே பெட்டியோடு வைத்திருக்கிறேன். பிரித்து மாட்டிவிட்டால் அண்ணன் தன் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். பெட்டி அது பாட்டுக்கு மேலேயே இருக்கட்டும்.