அய்யனார் திடலில் ராணி ஆடிய ஆட்டம்

“நடக்கறவனே குதிர மேல ஏற பயந்துகினு கெடக்கறான். நீ நடக்காதவள ஏத்தப் போறியா? இந்தப் படிப்பு நம்ம வூட்டுக்கு ஒத்து வரலம்மா.”

சொன்னவர் என் பெரியப்பா. ரிஷிவந்தியம் பக்கத்தில் எங்கள் ஊர் அய்யனார் கோயிலின் தர்மகர்த்தா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் பிசியோதெரபியும் படித்துவிட்டேன். (இதை நாளுக்கு மூன்று பேரிடமாவது சொல்லாவிட்டால் அப்போதெல்லாம் எனக்குத் தூக்கம் வராது.)

எதிர் வீட்டுச் செல்விக்கு முப்பது வயது. பிறந்ததிலிருந்து கால்களில் பலமில்லை. வீட்டுக்குள் தவழ்வாள், வெளியே மூன்று சக்கர வண்டி. மகள் கால் தேற வேண்டுமென்று அவள் அம்மா அய்யனாருக்கு நேர்ந்து வைத்த மண்குதிரைகள் மட்டும் ஏழு நிற்கின்றன. குதிரை நடக்கும்போது மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பும் நடப்பவரின் இடுப்பைப் போலவே அசையும். முதுகுக்கு வலு வரும். இதைப் படித்திருந்தேன், ஒரு பயிற்சி முகாமில் செய்தும் பார்த்திருந்தேன். மண்குதிரை வாங்கிக்கொண்ட சாமி உயிர்க்குதிரைக்கு இடம் கொடுக்க மாட்டாரா? இதை விளையாட்டாக நினைக்கவில்லை. இன்றும் நம்புகிறேன்.

விடாமல் நச்சரித்ததில் பெரியப்பா ஒரே ஒரு நாள் கோயில் திடலைக் கொடுத்தார். “நல்லபடியா நடந்தா திடல் உனுக்கு. இல்லாட்டி இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

கள்ளக்குறிச்சியில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் காதர் பாயைப் பிடித்தேன். அவருடைய வெள்ளைக் குதிரை ராணி அத்தனை சாது. பதினைந்து நாள் அவர் கொட்டகைக்குப் போய்ப் பழகினேன். பாய் ஒரே ஒருமுறை, “பாப்பா, இதுகிட்ட ஒரு பழக்கம் இருக்கு...” என்று ஆரம்பித்தார்.

“எல்லாம் படிச்சிருக்கேன் பாய்,” என்றேன். மரியாதை தெரிந்த மனிதர். நிறுத்திக்கொண்டார்.

அன்று காலை ஊரே திடலில் இருந்தது. முதலில் நான் ஏறிக் காட்டுவது, பிறகு செல்வி. இருந்த ஒரே ஹெல்மெட்டை அவள் தலையில் மாட்டிவிட்டு நான் ஏறினேன். இடுப்பெலும்பைப் பற்றி ஒரு சிற்றுரையும் தொடங்கினேன். பூசாரி கற்பூரம் காட்டினார். பம்பைக்காரர் அடித்தார்.

ராணியின் காது நிமிர்ந்தது. ஒரு முன்னங்காலைத் தூக்கினாள். பிறகு அடுத்ததை. மேளம் கேட்டால் மாப்பிள்ளையைச் சுமந்தபடி ஆடுவதுதான் அவள் தொழில். பாய் சொல்ல வந்த பழக்கம் அதுதான்.

நான் அலறினேன். கொண்டை அவிழ்ந்தது. கண் செருகியது. அய்யனார் கோயிலில், வெள்ளைக் குதிரை மேல், பம்பைச் சத்தத்துக்கு ஒருத்தி தலைவிரித்து ஆடினால் எங்கள் ஊர் என்ன நினைக்கும்?

“அருள் வந்துடுச்சுடி,” என்றது ஒரு குரல். பெண்கள் குலவையிட்டார்கள். பம்பைக்காரர் வேகத்தைக் கூட்ட, ராணி அவருக்கு ஈடுகொடுத்தாள். யாரோ என் காலில் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரே வந்து கும்பிட்டார்.

“சாமி, இன்னா கொற வெச்சோம்? கேளு சாமி, குடுத்துடறேன்.”

“திடல்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆயுசுக்கும் எனக்குத்தான். நாக்கு நுனிவரை வந்தது, மறைப்பானேன்? ஆனால் அந்தச் சாமி பேரிலேயே பொய் சொல்லி வாங்கிய இடத்தில் செல்வியை எந்த முகத்தோடு ஏற்றுவது?

“சாமி இல்ல பெரியப்பா, நான்தான். மேளத்த நிறுத்தச் சொல்லுங்க.”

மேளம் நின்றது. ராணியும் சட்டென்று நின்றாள். நான் மட்டும் நிற்காமல் போய் மஞ்சள் சேற்றில் விழுந்தேன்.

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். “அவ்ளோதான். எல்லாரும் கெளம்புங்க.”

“மாமா, நான் இன்னும் ஏறலீங்க,” என்றாள் செல்வி.

“வுழுந்துடுவ.”

“வுழுந்தா தரைக்குத்தான வருவேன்? முப்பது வருசமா அங்கதான இருக்கேன்.”

பெரியப்பா ஒதுங்கி வழி விட்டார். பாயும் நானும் அவளை ஏற்றினோம். பாய் கயிற்றைப் பிடிக்க, நான் சேறு சொட்டச் சொட்ட ஒரு பக்கமும் அவள் அம்மா மறு பக்கமும் தாங்கி நடந்தோம். பம்பைக்காரர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். முதல் சுற்றில் கூனியிருந்த முதுகு மூன்றாவது சுற்றில் நிமிர்ந்தது.

“எல்லார் தலையும் தெரியுது,” என்றாள். “மாமா, உங்களுக்கு நடு மண்டைல முடியே இல்ல, தெரியுமாங்க?”

திடல் கிடைக்கவில்லை. பேச்சு பேச்சுதான் என்றுவிட்டார் பெரியப்பா. அப்பா மரவள்ளி பிடுங்கிய நிலத்தைச் சமன்படுத்திக் கொடுத்தார். வாரம் இரண்டு நாள் ராணி அங்கே வருகிறாள், ஐந்து பேர் ஏறுகிறார்கள். செல்வி நடக்கவில்லை. நடப்பாள் என்று நான் யாரிடமும் சொன்னதும் இல்லை. சாயாமல் உட்கார்ந்து இரண்டு கையாலும் பூக் கட்டுகிறாள். இது போதாது என்பவர்கள் ஒரு நாள் சுவரில் சாயாமல் உட்கார்ந்து பார்க்கட்டும்.

எந்தக் கல்யாணத்தில் மேளம் கேட்டாலும் என் தம்பி, “அக்காவ கெட்டியா புடிச்சுக்கோங்க,” என்கிறான். பெரியப்பா என்னைக் கண்டால் கும்பிடக் கையைத் தூக்கி, பிறகு நினைவு வந்து காதைச் சொறிந்துகொள்கிறார். செய்யட்டும். எனக்கு வேலை இருக்கிறது.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம், கீழே இறங்கி வர முடியாத இரண்டு பேர் இருக்கிறார்கள். போன வாரம் போய்ச் சமமான இடம் பார்த்துவிட்டு வந்தேன். ராணிக்கு வண்டி சொல்லியாயிற்று. முன் சீட்டு செல்விக்கு.