எமகண்டமும் பச்சை வண்டியும்

வாங்க வந்தவரை வாங்கவிடாமல் திருப்பி அனுப்பியே காலம் தள்ளும் வண்டிப் புரோக்கர் கோயம்புத்தூர் ஜில்லாவில் ஒரே ஒருவர்தான் உண்டு. அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உக்கடத்தில் எல்லோருக்கும் அவர் எமகண்டம். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். கோபித்துக்கொள்ளவும் மாட்டார்.

உக்கடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து குளத்துப் பக்கம் திரும்பியதும் பழைய வண்டிகளை வாங்கி விற்கும் எங்கள் கடை. முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கணக்கும் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றும் வேலையும் என்னுடையவை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான், அதுவும் பி.காம். வரைக்கும். கடையில் சுழல் நாற்காலி இரண்டுதான். ஒன்று பாய்க்கு, மற்றது எனக்கு. எமகண்டம் ஒரு நாள் என் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தார். நான் முறைத்ததில், சுற்றி முடிக்காமலே எழுந்துவிட்டார்.

அவருக்கு அந்தப் பெயர் வரக் காரணம் ஒரே ஒரு கேள்வி. ஒரு குடும்பம் நல்ல நாள் பார்த்து, தேங்காய் பழம் கற்பூரத்தோடு, பட்டுச் சேலை சரசரக்க வண்டி வாங்க வந்திருக்கும். கற்பூரம் ஏற்றத் தீக்குச்சியை உரசும் நேரத்தில் எமகண்டம் கையைக் கட்டிக்கொண்டு பணிவாகக் கிட்டே போவார்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க ஊட்ல அடுத்து யாருங்க போவாங்க?"

"எங்கீங்க?"

"மேலதானுங்க."

தீக்குச்சி அணைந்துவிடும். அதோடு வியாபாரமும்.

கேட்டால் அதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தார். "பழனிக்குப் போறதுக்கு பஸ்ஸு இருக்குதுங்க. கல்யாணத்துக்குப் போறதுக்கு ஒறம்பர, சொந்தக்காரங்க வண்டி இருக்குது. நோவு வந்த ஆளத் தூக்கிப் போட்டுட்டு ஓடற அன்னைக்குத்தானுங்க சொந்த வண்டி வேணும். அன்னைக்கு உங்க பாத எப்படிக் கெடக்கும்? அதச் சொல்லுங்க மொதல்ல."

அந்த நாட்களில் பத்துப் பேர் உட்காரும் ஜீப் மாதிரியான குடும்ப வண்டிகளுக்குத்தான் மவுசு. அவற்றில் இரண்டு சாதி. ஒன்றில் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். இன்னொன்றில் கியருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கம்பி இருக்கும், அதைத் தள்ளினால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். வாசலில் தார் ரோடு இருக்கிற வீட்டுக்கு முதல் சாதி, மண் பாதை உள்ள வீட்டுக்கு இரண்டாவது சாதி என்பது எமகண்டத்தின் சட்டம். அதில் அவருக்கு ஏழை பணக்காரன் கிடையாது.

ஆர்.எஸ். புரத்திலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர், நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் வேண்டும் என்று வந்து நின்றார். அதுதான் கம்பீரமாம். பாய் முகமெல்லாம் பல்லாக இருந்தார். எமகண்டம் குறுக்கே புகுந்தார். "உங்க வாசல்லயே தார் ரோடுங்க. சாகக் கெடந்தாலும் ரெண்டு சக்கரத்துலயே சொகமாப் போயிரலாம். எதுக்குங்க வீணா டீசலு?"

ஜவுளிக்கடைக்காரர் அதற்குப் பிறகு அந்த ரோட்டுப் பக்கமே வரவில்லை.

பூஜை போடும்போது நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள் இல்லையா? அதிலும் கை வைப்பார். "இழுக்கறது பின்னாடி ரெண்டுதானுங்க. முன்னாடி வெச்ச ரெண்டு பழம் எதுக்கு? எடுத்து ஜூஸு போட்டுக் குடிங்க, வெயிலு ஜாஸ்தி."

பாய் அவரைத் துரத்தாமலா இருந்தார்? மாதம் தவறாமல் துரத்தினார். "உன் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டுட்டு வா, இல்லன்னா வராத!" என்று கத்துவார். எமகண்டம் சரிங்க பாய் என்று போய்விட்டு, மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து கேட்டைத் திறந்து வைத்திருப்பார். சாவி அவரிடம்தான் இருந்தது.

இந்த மனிதரின் வீட்டில் யாரோ வண்டி கிடைக்காமல் செத்திருக்க வேண்டும், அதனால்தான் இப்படி என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். விசாரித்ததில் அப்படி எதுவும் இல்லை. அவர் வீட்டில் எல்லோரும் குத்துக்கல்லாட்டம் இருந்தார்கள். அவருடைய அம்மா ஒரு நாள் கடைக்கே வந்து, "இவன் ஊட்லயும் இதேதாங் கேக்கறான் கண்ணு, என்னையப் பார்த்து!" என்று என்னிடம் முறையிட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னது ஒரே ஒருவர்தான். அவர்தான் சரசக்கா.

தொண்டாமுத்தூருக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் அவர்களுக்குத் தென்னந்தோப்பு. வீட்டுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம். பள்ளம் என்றால் எங்கள் பக்கத்தில் ஓடை. கோடையில் வெறும் மணல், மழைக்கு இடுப்பளவு தண்ணீர். புருஷன் பொன்னுசாமி வண்டி வாங்க வந்தபோது அக்காவும் கூட வந்திருந்தார். நடக்கும்போதே மூச்சு இரைத்தது. பல வருஷத்து வீசிங்.

எமகண்டம் கேட்டார். பொன்னுசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. அக்காவோ சிரித்தார். "அடுத்தது நாந்தானுங்க. சந்தேகமே வேண்டாம்."

எமகண்டம் ஆடிப்போய்விட்டார். பதில் சொல்லும் ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை. "அப்ப உங்களுக்குப் பச்ச வண்டிதானுங்க" என்று கூட்டிப் போய்க் காட்டினார். வால்பாறை எஸ்டேட்டில் உழைத்து ஓய்ந்த வண்டி அது. நாலு சக்கரமும் இழுக்கும். ஆனால் சீட்டெல்லாம் கிழிசல், கதவைச் சாத்தினால் இன்னொரு கதவு திறந்துகொள்ளும். அதன் பக்கத்திலேயே வெள்ளை வண்டி நின்றது. பின்சக்கரம் மட்டும் இழுப்பது. பூப்போட்ட சீட் உறை, டேப் ரிக்கார்டர், ஜன்னலுக்குத் திரை.

"ஏனுங்க, அந்தப் பச்சையப் பார்த்தா ஆனையே பயந்து ஓடும்" என்றார் அக்கா. "என்ற தங்கச்சி ஊட்டு வாசல்ல ஒரு நாளாவது வெள்ள வண்டில போய் எறங்கோணும். அதுக்கப்பறம் செத்தாச் சாகறேன்."

பொன்னுசாமியால் முடிவு செய்ய முடியவில்லை. ஊருக்குப் போய் அம்மன் கோவிலில் பூ கேட்பதென்று தீர்மானித்தார். எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதிலிருந்து கிணறு வெட்டுவது வரை அப்படித்தான். இரண்டு நிறப் பூவைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் வைத்து, கும்பிட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வண்டிக்கு வெள்ளை அரளி. பச்சை நிறத்தில் பூ கிடைக்காததால் பச்சை வண்டிக்குச் செவ்வரளி. பொன்னுசாமி தன் கையாலேயே எடுத்தார். வெள்ளை வந்தது.

சொல்லக் கேட்டதும் எமகண்டம் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தப் பள்ளத்தத் தாண்டுற வேல அம்மனுக்கு இல்லீங்களே!" பாய் அவர் வாயைப் பொத்தி உள்ளே தள்ளிக்கொண்டு போனார். வெள்ளை வண்டி மாலை போட்டுக்கொண்டு தொண்டாமுத்தூர் போனது.

ஐப்பசி மழை பிடித்த ஒரு வாரத்தில் ஆர்.சி. புத்தகம் பெயர் மாறி வந்தது. அதைக் கொடுத்துவிட்டுப் பொன்னுசாமியிடம் ஒரு கையெழுத்து வாங்க நான் போகவேண்டியிருந்தது. எமகண்டம் விற்காமல் கிடந்த பச்சை வண்டியை எடுத்தார். "பஸ்ஸுல போயிக்கிறேன்" என்றேன். "பள்ளத்த நீந்துவீங்களா அம்மணி?" என்றார்.

பள்ளத்தின் கரைக்கு வந்தோம். நடு ஓடையில் வெள்ளை வண்டி. பின்சக்கரம் இரண்டும் மணலில் புதைந்திருந்தன. தண்ணீர் கதவைத் தொட்டு ஓடியது. உள்ளே பூப்போட்ட சீட்டில் சரசக்கா தனியாக, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய வழியில் வண்டி மாட்டிக்கொள்ள, பொன்னுசாமி டிராக்டர் கூட்டிவரப் பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடியிருந்தார்.

காத்திருக்க நேரமில்லை. எமகண்டம் குட்டிக் கம்பியைத் தள்ளி, பச்சை வண்டியைத் தண்ணீரில் இறக்கினார். அது கிழட்டு எருமை மாதிரி முக்கி முனகிப் போய் நின்றது. அக்காவைத் தூக்கி என் மடியில் கிடத்தினார். கரையில் ஆடு மேய்த்த ஒரு பெண்ணிடம் புருஷனுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, ரிவர்ஸிலேயே கரையேறி டவுனைப் பார்த்து விரட்டினார்.

பாதி வழியில் அக்கா கண் திறந்தார். மூச்சுக்கு நடுவே சிரிக்கப் பார்த்தார்.

"ஏனுங்க... பொட்டலங் கட்டுனது நாந்தானுங்க. ரெண்டுலயுமே வெள்ளதான் வெச்சேன். அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

எமகண்டம் திரும்பவில்லை. "பேசாதீங்க அம்மணி. மூச்ச மிச்சம் பிடிங்க."

"தங்கச்சி ஊட்டுக்குப் போயிட்டு வந்துட்டனுங்க... எல்லாரும் வெளிய வந்து பார்த்தாங்க."

ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம் என்றுதான் நினைத்தோம். இன்னும் முன்னாலேயே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். மறுநாள் காலையில் அக்கா போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் பொன்னுசாமி கடைக்கு வந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். நேராக எமகண்டத்திடம் போனார்.

"நீங்க எதையும் மறைக்காமப் பேசற ஆளுங்க. அதான் உங்ககிட்டக் கேக்க வந்தேன். அம்மன் எனக்கு எதுக்குங்க வெள்ளையக் குடுத்தா? இந்தக் கையாலதானுங்க எடுத்தேன். இத வெட்டிப் போட்டுறலாமாட்ட இருக்குது. கோயல் பக்கமே போக முடியல."

நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால் அந்தக் கைக்கு விடுதலை என்று எனக்குத் தோன்றியது. எமகண்டம் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவரிடம் நான் கண்டதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

"அம்மன் மேல தப்பு இல்லீங்க" என்றார் எமகண்டம். "உங்க கை மேலயும் இல்லீங்க. எல்லாம் என்ற வாயிதானுங்க. நல்ல நாளும் அதுவுமா, கேக்கக் கூடாததக் கேட்டுப்போட்டேன். அது பலிச்சுப்போச்சு."

பொன்னுசாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாங்க. உங்க வாயிதானுங்க அவளக் கொன்னுபோடுச்சு. நீங்க நல்லா இருக்க மாட்டீங்க."

சாபம் விடும்போதுகூட அந்த மனிதருக்கு மரியாதை குறையவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். அடுத்த வெள்ளிக்கிழமையே கோவிலுக்குப் போய் விளக்குப் போட்டார் என்று கேள்விப்பட்டோம்.

"எதுக்குங்க இப்படிப் பண்ணுனீங்க?" என்று நான் சண்டைக்குப் போனேன்.

"சொல்லிப்போடாதீங்கன்னு அந்தம்மா சொன்னாங்கல்லங்க அம்மணி. அவங்களுக்கு நடுவுல நானா?" என்றார். எழுந்து பச்சை வண்டியைக் கழுவப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் யாரையும் எதுவும் கேட்பதில்லை. வண்டிகள் மளமளவென்று விற்கின்றன. பாய்க்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும், ஆனால் அவரும் மாதாமாதம் துரத்துவதை நிறுத்திவிட்டு, எமகண்டத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். எமகண்டத்தின் வாய் ஒரு பெண்ணைக் கொன்றது என்று உக்கடம் முழுக்கப் பேச்சு. அவர் ஒரு நாளும் மறுத்ததில்லை.

சரசக்காவுக்காகவும் எமகண்டத்துக்காகவும் இதில் ஊரையும் பேர்களையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். வண்டிகளின் நிறத்தைக்கூட.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்குகிற பலர், அவர் முகத்தில் விழித்துவிடக் கூடாதென்று எதிர்ப்பக்கம் நடந்து போகிறார்கள். நான் ரோட்டைத் தாண்டிப் போய் விழிக்கிறேன்.