ரெண்டு ரவுண்டு தார்

மொழி தெரியாத ஊரில், மொழி தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்து வேலை கொடுப்பதைப் போல ஆபத்தான காரியம் வேறு இல்லை. மொழி தெரியாதவரிடம் நாலு தடவை கேட்போம், கையை ஆட்டிக் காட்டுவோம், தாளில் படம் போட்டு விளக்குவோம். நம் மொழிக்காரரிடம் ஒரே தடவை சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்விடுவோம். அந்த நிம்மதியில்தான் செம்பூரில் இருக்கும் என் வீடு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மத்தியச் சிறைச்சாலை ஆனது.

எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். என் வீட்டுக்காரருக்கு மும்பைக்கு மாற்றல் வந்தபோது நான் போட்டது ஒரே நிபந்தனை. மிதிக்க மண் இல்லாத வீட்டுக்கு வரமாட்டேன். (மும்பையில் மண் கேட்பது நிலாவைக் கேட்பது மாதிரி என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.) பாவம் மனுஷர், அலைந்து திரிந்து, கையில் இருந்ததையெல்லாம் போட்டு, ஒரு பழைய கட்டடத்தில் தரைத்தள வீடு வாங்கினார். முன்னால் ஒரு துண்டு நிலம். பத்திரப்படி எங்களுடையது. பழக்கப்படி அது குடியிருப்புச் சொசைட்டி செக்ரட்டரியின் ஸ்கூட்டருக்குச் சொந்தம்.

நான் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் நாலு மல்லிகைப் பதியனும் நட்டேன். ஸ்கூட்டர் வந்து மல்லிகை மேலேயே நின்றது. நட்டது நான், நசுக்கியது அவர், கேட்டால் இத்தனை வருஷமாக இங்கேதான் நிறுத்துகிறேன் என்று பதில். நான் விடவில்லை. கடைசியில் கமிட்டி கூடி ஒரு தீர்ப்புச் சொன்னது. வேலி போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வரும் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். கட்டடத்தின் அழகு கெட்டிருப்பதாகப் பெரும்பாலோர் நினைத்தால், வேலியைப் பிடுங்கிவிட்டு இடத்தைப் பொதுவுக்கு விட்டுவிட வேண்டும். பொது என்றால் ஸ்கூட்டர் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். செக்ரட்டரி அன்றைக்கே சிரித்துக்கொண்டுதான் போனார்.

அப்போது என் இந்தி, காய்கறிக்காரரோடு முடிந்துவிடும். வேலி விஷயத்தில் தப்பு நடக்கக் கூடாது, நம்ம ஆள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். தாராவியில் பட்டறை வைத்திருக்கும் மைதீன் பாய் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சின்ன வயதிலேயே இங்கே வந்துவிட்டவர். வாசலிலேயே அவர், "என்ன மேடம், எந்தூரு நீங்க?" என்று கேட்டதும் எனக்குக் கண் கலங்காத குறைதான். இனி என்ன கவலை என்று நினைத்தேன்.

இடுப்பு உயரத்துக்கு மர வேலி, வெள்ளைப் பெயின்ட், மல்லிகை படர இடைவெளி. எல்லாம் பேசி முடித்தோம். எனக்கு ஒரே பயம் கரையான். எங்கள் ஊரில் மரக்கால் நட்டால் அடியில் தார் பூசாமல் நட மாட்டார்கள்.

"பாய், தார் மட்டும் மறந்துறாதீங்க" என்றேன்.

பாய் வேலியின் உயரத்தைக் கையால் காட்டி, "இந்த ஒசரத்துக்குத் தார் எதுக்கு மேடம்? பாக்க நல்லா இருக்காதே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மிச்சம் பிடிக்கப் பார்க்கிறாரோ? "எங்க ஊர்ல தார் இல்லாம யாரும் வேலியே போடமாட்டாங்க பாய். ஒரு ரவுண்டு பத்தாதுங்க. ரெண்டு ரவுண்டு போடுங்க."

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மெதுவாக, "ரெண்டு ரவுண்டு போட்டா ஒரு பூனகூட உள்ள வராது" என்றார். தார் வாசத்துக்குப் பூனைகூட ஓடிவிடுமா, நல்ல சரக்காகத்தான் இருக்கும் என்று நான் மகிழ்ந்துபோனேன். (இந்த இடத்தில் என் மகள் எப்போதும் தலையில் அடித்துக்கொள்வாள்.)

போகும்போது பாய் தயங்கி நின்றார். "தப்பா நெனைக்காதீங்க மேடம். கோயம்புத்தூர் அவ்வளவு மோசமான ஊரா?"

கரையானைச் சொல்கிறார் என்று நினைத்து, "அய்யோ, ஒரே தொல்லைங்க பாய். ராத்திரியோட ராத்திரியா வந்து வீட்டையே தின்னுட்டுப் போயிடும்" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

சனிக்கிழமை வேலை. நான் பாடம் நடத்தும் சயான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தேர்வுத்தாள் திருத்தும் நாள். கிளம்பும்போது வீட்டுக்காரரை உட்காரவைத்து, பாய்க்கு எல்லாம் சொல்லியாயிற்று, நீங்கள் குறுக்கே பேசி எதையும் கெடுக்காதீர்கள் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனேன். மத்தியானம் போன் செய்தேன். "பலமா நடக்குது" என்றார். அந்தப் 'பலமா'வை நான் கவனித்திருக்க வேண்டும்.

சாயங்காலம் ஆட்டோவை விட்டு இறங்கினேன். வெள்ளை மர வேலி அழகாகத்தான் நின்றது. அதன் தலையில், ஆள் உயரத்துக்கு, சுருள் சுருளாக முள்கம்பி. ஒன்றின் மேல் ஒன்றாக, சொன்னபடி ரெண்டு ரவுண்டு. உள்ளே, கம்பிக்கு நடுவே, வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பார்க்க வந்த மனைவியைப் பார்க்கும் கைதி மாதிரியே இருந்தார்.

"ஏனுங்க, என்னங்க இது?"

"நீதான சொன்ன, குறுக்க பேசக் கூடாதுன்னு."

பாய் பெருமையோடு முன்னால் வந்தார். "பக்காவா போட்டிருக்கு மேடம், தார்."

"இது முள்கம்பிங்க பாய். நான் கேட்டது தார். ரோட்டுக்கு ஊத்துவாங்களே, கறுப்பா, அது!"

பாய் வாயைப் பிளந்தார். "அது டாம்பர்ல மேடம்!"

இந்த ஊரில் தார் என்றால் கம்பி. இந்தியில் அப்படித்தானாம். ரோட்டுத் தாருக்கு டாம்பர் என்று பெயர். பாய்க்குத் தன் தமிழில் எது ஊரில் இருந்து வந்தது, எது தாராவியில் ஒட்டிக்கொண்டது என்று பிரித்துப் பார்க்கத் தேவையே வந்ததில்லை. இரண்டு தமிழர்கள், சுத்தமான தமிழில் பேசி, நடுவில் ஒரு இந்தி வார்த்தையில் தடுக்கி விழுந்தோம். அந்த நேரம் பார்த்து மாடியில் இருந்து செக்ரட்டரி எட்டிப் பார்த்தார். செல்போனில் ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டார்.

கம்பி வெட்டும் ஆட்கள் குர்லாவில் வேறு வேலையில் மாட்டியிருந்தார்கள். ஞாயிறு மத்தியானம்தான் வருவார்களாம். கூட்டமோ காலையில். நான் அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை. அந்தத் துண்டு மண்ணை நம்பித்தான் ஊரை விட்டு வந்தேன்.

ஞாயிறு விடிந்ததும் பாய் வந்து வாசலில் நின்றார், ராத்திரி தூங்காத முகத்தோடு. எனக்கு வந்த ஆத்திரத்தை அவர் மேல் காட்ட மனசு வரவில்லை. நிலைப்படியில் தொங்கிய பழைய செவ்வந்தி மாலையைப் பிய்த்து வேலி மேல் வீசினேன். விழவில்லை. பூக்கள் முள்ளில் கச்சிதமாகக் குத்தி நின்றன. நாரும் இல்லை, ஊசியும் இல்லை. மாலை கட்டவென்றே செய்த கம்பி மாதிரி இருந்தது.

நானும் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "தாதர் பூ மார்க்கெட் இந்நேரம் தொறந்திருக்கும் தங்கச்சி" என்றார் பாய். அந்த நிமிஷத்தோடு மேடம் போய்விட்டது.

டெம்போவில் மூட்டை மூட்டையாகப் பூ வந்தது. நான், பாய், வீட்டுக்காரர், மகள் நாலு பேரும் வெறி பிடித்தவர்கள் மாதிரி குத்தினோம். முள்ளுக்கு ஒரு பூ. மஞ்சளும் ஆரஞ்சுமாகச் சுருள் முழுக்க மூடிவிட்டது. கூட்டத்துக்கு இறங்கி வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். வேலியே தெரியவில்லை, வீட்டுக்கு யாரோ பெரிய மாலை போட்டது போல இருந்தது. மூன்றாவது மாடிப் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

செக்ரட்டரி தன் செல்போனைத் தூக்கிக் காட்டி, பூவை நம்பாதீர்கள், உள்ளே இருப்பது வேறு என்று ஆரம்பித்தார். யாரும் காது கொடுக்கவில்லை. எல்லோரும் படம் எடுப்பதில் இருந்தார்கள். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் நடக்கும்போது அடுத்தவர் செடியில் பூஜைக்குப் பூப் பறிப்பார். பேசிக்கொண்டே, கை தன்பாட்டுக்கு நீண்டு, ஒரு கொத்துப் பூவைப் பறித்தது. கை திரும்பி வரவில்லை. ஜிப்பாக் கை முள்ளில் மாட்டிக்கொண்டது. இழுத்தார், இன்னும் மாட்டியது. கட்டடமே பார்த்துக்கொண்டிருக்க, அடுத்தவர் வேலியில், கையில் அடுத்தவர் பூவோடு நின்றார் மனுஷர்.

நான் கிட்டே போனேன். வாழ்நாளில் பேசாத அளவு நல்ல இந்தி அன்றைக்கு என் வாயில் வந்தது. வேலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பஹுத் சுந்தர்", ரொம்ப அழகு என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். கைகள் உயர்ந்தன, ஒன்றுகூட எதிர்த்து இல்லை. பிறகுதான் பாய் அவர் ஜிப்பாவை மெல்ல விடுவித்தார். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தில் மல்லிகைக் கன்றுகளைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

மத்தியானம் கம்பியைக் கழற்றினார்கள். பாய் தன் கையாலேயே மரக்கால்களின் அடியில் ரெண்டு ரவுண்டு டாம்பர் பூசிக் கொடுத்தார். இப்போது புதிதாக யார் வேலிக்கு வந்தாலும், கறுப்பா, கம்பியா என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுகிறார். வீட்டில் நான் குரலை உயர்த்தினால் போதும், கோயம்புத்தூர் அவ்வளவு மோசமான ஊரா என்று வீட்டுக்காரரும் மகளும் சேர்ந்து கேட்கிறார்கள்.

மல்லிகை இப்போது வேலியை மூடிப் பூக்கிறது. செக்ரட்டரி தினமும் காலையில் வருவார். ஸ்கூட்டரைத் தெருவில் நிறுத்திவிட்டு, வேலிக்கு ஒரு அடி தள்ளி நின்று, எங்களுக்காகவே கற்றுக்கொண்ட தமிழில் கேட்பார். "மேடம், பூ எடுக்கவா? தார் இல்லையே?"

நான் பொய் சொல்கிறவள் இல்லை. "இருக்குங்க, ரெண்டு ரவுண்டு" என்பேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். பூவை நானே பறித்துக் கொடுப்பேன்.