சிவப்புக் கதிரைப் பரணி

உப்புக் காற்றுக்கு உறவினளும், உச்சி வெயிலுக்கு அஞ்சாதவளும், பாரைக் கருவாட்டைக் கண்ட மாத்திரத்தில் அது எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லவல்ல பேரறிவாட்டியும், யாக்கோபின் மனைவியும், டெனிஷாவை ஈன்றவளுமாகிய எத்தாளை றோசமேரி வாழ்க! கடல்சூழ் கற்பிட்டிக் கரையிலே, சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணி தொடங்கி, ஒரேயொரு பிளாஸ்டிக் கதிரைக்காக அவள் தனியொருத்தியாய்ப் பொருத போரைப் பாடப் புகுந்தோம். தலவிலக் கோயில் வாழ் புனித அன்னம்மாளே, சொல் பிசகாமல் துணை நில்லும்.

போர் மூண்ட காரணம் இது. றோசமேரியின் ஒரே மகள் டெனிஷா, கொழும்புக்குக் கணினி படிக்கப் போய், பாட்டோடு பாட்டைக் கோத்து ஊரையே ஆடவைக்கும் டிஜே வித்தையையும் சேர்த்துப் படித்து வந்தவள். இரண்டு வருடமாக வீட்டு மேசையில் கருவியை வைத்து, இரு காதிலும் ஹெட்போனைக் கவிழ்த்துக்கொண்டு தலையாட்டுவாள். தாய்க்குக் கேட்டதெல்லாம் பொத்தான் அமுக்கும் டிக், டிக் மட்டுமே. அந்த மௌனத்துக்கு இன்று முடிவு. பட்டம் பூட்டிக் கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர் தங்கும் விடுதியின் கரையில், ஹிப்-ஹொப் பாடகரும் டிஜேமாரும் அணிதிரளும் விழாவிலே, ஏழு மணிக்கு இருபது நிமிடம் டெனிஷாவுக்கு என்று எழுதப்பட்டிருந்தது. "முன்னுக்கிருந்து என்ட புள்ளட முகத்தப் பாப்பன். பாக்காம எழும்ப மாட்டன்" என்று றோசமேரி சபதம் செய்தாள்.

கோயில் திருநாள் இசைக்கச்சேரிக்கு வீட்டுக் கதிரையைத் தூக்கிப்போய் மத்தியானமே இடம்பிடிப்பது அவளது குலவழக்கம். கச்சேரி எதுவானாலும் கச்சேரிதானே என்று அவள் எண்ணினாள். சொந்தக் கதிரைகளோ எப்போதோ கால் ஒடிந்து வீரமரணம் எய்தியிருந்தன. ஆகவே பக்கத்து வீட்டு மெரினாவிடம் ஒரு சிவப்புக் கதிரை இரவல் பெறப்பட்டது. "றோசமேரியக்கா, நாலு காலோடயும் திரும்பி வரோணும்" என்று மெரினா ஆணையிட, "எனக்கு ஒண்டு ஆனாலும் கதிரைக்கு ஒண்டும் ஆகாது புள்ள" என்று வாக்களித்து, அதை மகுடம்போல் தலையிற் சூடிப் பஸ் ஏறினாள்.

மேடைக்கு முன் கட்டிய கயிற்றோரம் கதிரை நாட்டப்பட்டது. முதற்பகை காற்று. எழுந்தால் கதிரையைக் கவர்ந்துகொண்டு கடலுக்கு ஓடச் சோழகக் காற்று காத்திருந்ததால், தொண்டை வறண்டும் ஒரு மிடறு தண்ணீருக்காக அவள் எழவில்லை. இரண்டாம் பகை யூட். கறுப்பு டீசேட் தரித்து, வோக்கிடோக்கி ஏந்தி, அரங்கு காக்க நின்ற இளங்காளை.

"அன்டி, இது திருநாள் இல்ல. இஞ்ச ஒருத்தரும் இரிக்கிறல்ல, எல்லாரும் நிண்டு ஆடுற" என்று அவன் முழங்கினான்.

"ஆடுறவங்க ஆடட்டும் தம்பி. நான் பாக்க வந்த. என்னத் தூக்கிறதெண்டா கதிரையோட தூக்கு."

யூட் கதிரையைப் பார்த்தான், அதை நிறைத்திருந்த வீராங்கனையைப் பார்த்தான், தன் இடுப்பை நினைத்தான். பிறகு வேறு வேலை இருப்பவன்போல் போய்விட்டான்.

மூன்றாம் பகையே கொடும்பகை. அந்தி சாய, கோட்டை மதிலென அடுக்கிய ஸ்பீக்கர்கள் வாய் திறந்தன. அவை அதிர்ந்த ஒவ்வோர் அடிக்கும் கதிரையின் நான்கு கால்களும் மணலுக்குள் ஒரு நூல் இறங்கின. ஆறு மணிக்கு ஒரு முழ உயரத்தில் வீற்றிருந்தவள், ஆறரைக்கு ஒரு சாண் உயரத்துக்குத் தாழ்ந்தாள். ஏழு மணிக்கோ பாயில் குந்தியவள்போல் ஆனாள். இதற்கிடையே ஆடற்சேனை கயிற்றை மிதித்து முன்னே புகுந்துவிட, மேடையிருந்த திசையில் முழங்கால்கள் மட்டுமே தெரிந்தன. ஆனாலும் சபதம் சபதம்தான். அவள் எழவில்லை.

அப்போது டெனிஷாவின் பெயர் அறிவிக்கப்பட்டது. கைதட்டல் எழுந்தது, உடனே ஓய்ந்தது. ஆறடி ஆண்களுக்கென்று மீன்பெட்டிகள் மேல் உயர்த்திய மேசைக்குப் பின்னே, ஐந்தடி எட்டாத டெனிஷாவின் கொண்டை மட்டும் தெரிந்தது. "ஆரையும் காணல்ல, பாட்டு தானா ஓடுதா?" என்று யாரோ கேட்க, சிரிப்பு அலையாய்ப் பரவியது.

அந்தச் சிரிப்பு முழங்கால்களுக்கிடையே நுழைந்து தாயின் நெஞ்சில் தைத்தது. மகள் முகம் காணாமல் எழேன் என்றவள் எழுந்தாள். கரைவலை இழுப்பவள்போல் பின்சாய்ந்து, மூன்று இழுவையில் கதிரையை மணலிலிருந்து பெயர்த்து, தலைக்கு மேலே ஏந்தி, அதுவரை பேசிய ஸ்பீக்கர் எதற்கும் குறையாத குரலில் அறைகூவினாள்: "விலகுங்க. என்ட புள்ளக்கு உசரம் காணாது."

சேனை பிளந்தது. மூன்று மணிநேரம் அந்தக் கதிரையை அகற்றத் தவித்த யூட்டே அதை இரு கைகளாலும் வாங்கி, மேசைக்குப் பின்னே வைத்தான். டெனிஷா அதில் ஏற, மேசைக்கு மேலே முதலில் ஒரு நெற்றி உதித்தது, பிறகு கண்கள், பிறகு வெட்கமும் சிரிப்புமாக முழு முகமும். பிளந்த சேனை மீண்டும் மூடியபோது றோசமேரி கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டிருந்தாள். அங்கிருந்தும் எல்லாத் தலைகளுக்கும் மேலே மகளின் முகம் தெரிந்தது.

இரண்டு வருட டிக் டிக்கெல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து இடியாய் இறங்கிற்று. அது என்ன பாட்டென்று அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆனாலும் பெருமை தாங்காமல் கண் கலங்க, பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரனின் முழங்கையைப் பிடித்து, "அது என்ட மகள்" என்று தமிழிலேயே பிரகடனம் செய்தாள். அவன் துள்ள, அவளும் துள்ளினாள்.

இவ்வண்ணம் காற்றை வென்று, காவலனை வென்று, இருந்து காண்பேன் என்ற தன் சபதத்தையே நின்று வென்ற றோசமேரி, மகளின் தோளிலே கைபோட்டு, கற்பிட்டி வீதியெங்கும் இருவர் சிரிப்பும் வெற்றி முரசாய் அதிர, வெறுங்கை வீசிப் பஸ் ஏறி, எத்தாளை புகுந்து, வேந்தர்க்கும் வாய்க்காத உறக்கம் உறங்கினாள்.

காலையில் மெரினா வந்து, "றோசமேரியக்கா, என்ட கதிரை எங்க?" என்று கேட்டாள்.